தைராய்டும் நம் ரத்தமும்: போத்தனூரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தைராய்டு ரிப்போர்ட் ஒரு ஃபைலில் இருக்கும். 'ரத்தம் கம்மி' என்று வந்த ரிப்போர்ட் இன்னொரு ஃபைலில் இருக்கும். கோவையின் போத்தனூர், வெள்ளலூர், குறிச்சி, சுந்தராபுரம் பக்கம் எத்தனையோ வீடுகளில் இதுதான் நிலைமை. இரண்டையும் வெவ்வேறு டாக்டர்கள் பார்த்திருப்பார்கள். சேர்த்து வைத்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் தைராய்டு ஹார்மோன் கூடினாலும் குறைந்தாலும் ரத்தத்தின் அடர்த்தி, பிசுபிசுப்பு, உறையும் தன்மை, சிவப்பணுக்களின் எண்ணிக்கை, அளவு என்று பலவும் மெல்ல மெல்ல மாறுகின்றன. அந்த இரண்டு ஃபைல்களையும் ஒரே மேசையில் விரித்துவைத்துப் படிக்க இங்கே சேர்ந்து பழகுவோம்.

இதற்கு மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை. ரிப்போர்ட்டில் ஏழெட்டு எண்களை அடையாளம் காணத் தெரிந்தால் போதும். மருந்தை முடிவு செய்வது டாக்டர்தான். சரியான கேள்வியோடு அவர் முன்னால் போய் உட்காருவது நம் வேலை.

தைராய்டு என்பது என்ன?

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி இருக்கும் சிறிய சுரப்பி. எடை 20 கிராம் அளவுதான். நாம் சாப்பிடும் உப்பிலும் உணவிலும் இருக்கும் அயோடினை எடுத்து இரண்டு ஹார்மோன்களைச் செய்கிறது. நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது டி4. மூன்று கொண்டது டி3. உடம்பில் உண்மையாக வேலை செய்வது பெரும்பாலும் டி3. டி4 என்பது கையிருப்பு. தேவைப்படும் இடத்தில் ஓர் அயோடினைக் கழற்றிவிட்டு அது டி3 ஆகிக்கொள்ளும்.

இந்தச் சுரப்பிக்கு உத்தரவு வருவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து. அந்த உத்தரவுதான் டி.எஸ்.எச். தைராய்டு மந்தமானால் பிட்யூட்டரி சத்தம் போடும், டி.எஸ்.எச். ஏறும். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தால் பிட்யூட்டரி வாயை மூடிக்கொள்ளும், டி.எஸ்.எச். இறங்கும். புதிதாக ரிப்போர்ட் பார்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்: டி.எஸ்.எச். கூடியிருந்தால் தைராய்டு குறைவு, டி.எஸ்.எச். குறைந்திருந்தால் தைராய்டு அதிகம். இதை முதலில் மனதில் பதித்துக்கொள்வோம்.

இது அபூர்வமான தொல்லை அல்ல. சென்னை உட்பட 8 இந்திய நகரங்களில் 5,376 பெரியவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், 10.95 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. பத்தில் ஒருவருக்கும் மேல்.

ரத்தத்தில் எதைப் பார்க்கப் போகிறோம்?

ஒரு பெரியவர் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் பாதிக்குச் சற்று அதிகம் பிளாஸ்மா என்ற மஞ்சள் திரவம். மீதி அணுக்கள், பெரும்பாலும் சிவப்பணுக்கள். இந்த இரண்டின் விகிதம்தான் ரத்தத்தின் பல இயல்புகளைத் தீர்மானிக்கிறது.

அடர்த்தியை நேரிலேயே பார்க்கலாம். ரத்ததான முகாமில் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை நீல நிறக் கரைசலுக்குள் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது மயில்துத்தம் கரைத்த நீர். அடர்த்தி 1.053 இருக்கும்படி கலந்து வைத்திருப்பார்கள். சொட்டு விழுந்ததும் அதைச் சுற்றி மெல்லிய பழுப்பு உறை படரும். பதினைந்து நொடிக்குள் கீழே இறங்கிவிட்டால் ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையவில்லை, ரத்தம் கொடுக்கலாம். பாதியில் தயங்கி நின்றாலோ மேலே வந்தாலோ அந்த ரத்தம் கனம் குறைந்தது. தைராய்டு குறைவால் சோகை வந்தவரின் சொட்டு இப்படித் தயங்கக்கூடும். முகாமில் திருப்பி அனுப்பினால் வருத்தப்படாதீர்கள். அதை ஓர் இலவச முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டு முழுப் பரிசோதனைக்குப் போங்கள்.

அடுத்தது பிசுபிசுப்பு. ரத்தம் தண்ணீரைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு பிசுபிசுப்பானது. பிளாஸ்மாவை மட்டும் எடுத்தால் இரண்டு மடங்குகூட வராது. சிவப்பணுக்கள் கூடினால் பிசுபிசுப்பு கூடும். ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் கூடினாலும் கூடும். உடம்பு ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் ஏறத்தாழ 2 சதவீதம் கூடும். இதை அளக்கத் தனிக் கருவி உண்டு. ஆனால் தைராய்டுக்காக அந்த டெஸ்டை டாக்டர்கள் எழுதுவதில்லை. சிவப்பணு விகிதத்தைச் சொல்லும் பி.சி.வி., ரத்தம் படியும் வேகத்தைச் சொல்லும் ஈ.எஸ்.ஆர்., கொலஸ்ட்ரால் ஆகியவற்றை வைத்தே நமக்குப் போதுமான விவரம் கிடைத்துவிடும்.

ஹார்மோன் குறைந்தால் ரத்தத்துக்கு என்ன ஆகும்?

தைராய்டு மந்தமானால் உடம்பின் எல்லாத் திசுக்களும் ஆக்சிஜனைக் குறைவாகவே கேட்கும். சிறுநீரகம் அதைக் கவனித்து, சிவப்பணு செய்யச் சொல்லும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைக் குறைத்துவிடும். எலும்பு மஜ்ஜையில் உற்பத்தி சுணங்கும். தைராய்டு ஹார்மோன் மஜ்ஜையை நேரடியாகவும் தூண்டக்கூடியது. அந்தத் தூண்டுதலும் இப்போது இல்லை. விளைவு, ரத்தசோகை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தைராய்டு குறைந்தவர்களுக்குச் சிவப்பணுவோடு பிளாஸ்மாவும் சேர்ந்தே குறைகிறது. இட்லி மாவில் அரிசியையும் தண்ணீரையும் ஒரே கணக்கில் குறைத்தால் மாவின் பதம் மாறாது, பாத்திரத்தில் அளவுதான் குறையும். அதுபோல, உடம்பில் மொத்தச் சிவப்பணு நன்றாகக் குறைந்திருந்தாலும் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் '11.4' என்று லேசான குறைவாக மட்டுமே காட்டலாம். ஆளைப் பார்த்தால் சோர்ந்து கிடப்பார், எண்ணைப் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். எண் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அவர் சோர்வை ஒதுக்கிவிடக் கூடாது.

மாதவிலக்கு இருக்கும் பெண்களுக்கு இன்னொரு வழியிலும் இழப்பு. தைராய்டு குறைந்தால் மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாகலாம். மாதாமாதம் இரும்புச்சத்து வெளியே போகும். ஏற்கெனவே 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால் 'எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதான்' என்று விட்டுவிடுகிறோம். அந்தக் கூட்டத்துக்குள் தைராய்டால் வந்தவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள். இந்த வழிகாட்டியை எழுதுவதற்கே அவர்கள்தான் காரணம்.

உறைதலும் மாறும். வான் வில்லிபிராண்ட் காரணி, எட்டாம் காரணி ஆகிய உறைபொருள்கள் குறைவதால் ரத்தம் நிற்க நேரமாகும். லேசாக இடித்தாலே கன்றிப்போவது, பல் துலக்கும்போது கசிவது, பல் பிடுங்கிய பிறகு நிற்காமல் வருவது ஆகியவை அதன் அடையாளங்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் தைராய்டு இருப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று.

கொலஸ்ட்ரால் வேறு ஏறும். கெட்ட கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரலில் குறைந்துவிடுவதுதான் காரணம். சோகை பிசுபிசுப்பைக் குறைக்கும், கொழுப்பும் புரதமும் அதைக் கூட்டும். இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுப்பதால் கடைசியில் பிசுபிசுப்பு எந்தப் பக்கம் சாயும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இன்னொன்று: கேரட், பப்பாளியில் இருக்கும் கரோட்டின் வைட்டமின் ஏ-யாக மாறுவது மெதுவாகிவிடும். உள்ளங்கை லேசாக மஞ்சளிக்கும். காமாலையில் கண்ணின் வெள்ளை மஞ்சளாகும், இதில் ஆகாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

கூடினால் என்ன ஆகும்?

எல்லாம் எதிர்த்திசையில் போகும். திசுக்கள் ஆக்சிஜனுக்காகப் பறக்கும். எரித்ரோபாய்டின் கூடும், சிவப்பணுவும் பிளாஸ்மாவும் இரண்டும் கூடும். சிவப்பணுவின் சராசரி அளவு சற்றுச் சிறுக்கும். அணுவுக்குள் 2,3-டி.பி.ஜி. என்ற பொருள் அதிகரித்து, ஹீமோகுளோபின் பிடித்துவைத்திருக்கும் ஆக்சிஜனைச் சுலபமாக விட்டுக்கொடுக்கச் செய்யும். எட்டாம் காரணி, வான் வில்லிபிராண்ட் காரணி, ஃபைப்ரினோஜன் ஆகியவை கூடுவதால் ரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பு அதிகம். அதோடு இதயத் துடிப்பும் ஒழுங்கு தப்பினால் ஆபத்து இன்னும் கூடும். படபடப்பு, எடை குறைவு, கை நடுக்கம், தாங்க முடியாத புழுக்கம் என்று இருப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

யாரெல்லாம் பரிசோதிக்க வேண்டும்?

இரும்பு மாத்திரை இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாதவர்கள்தான் முதல் வரிசை. அடுத்து, காரணம் தெரியாமல் கொலஸ்ட்ரால் கூடியவர்கள். கொழுப்பு மாத்திரை தொடங்குவதற்கு முன் ஒரு டி.எஸ்.எச். பார்த்துவிடுவது நல்லது. அதிக மாதவிலக்கு, எளிதில் கன்றிப்போகும் தோல், குடும்பத்தில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ தைராய்டு, குழந்தைக்கு முயற்சி செய்வது, கர்ப்பம், இவையெல்லாம் இருந்தாலும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டியது ரத்த எண்ணிக்கையை.

என்னென்ன டெஸ்ட், எந்த வரிசையில்?

முதல் தடவையே எல்லாவற்றையும் எடுக்கத் தேவையில்லை. படிப்படியாகப் போவோம், காசும் மிச்சமாகும்.

முதல் படியில் டி.எஸ்.எச்., முழு ரத்த எண்ணிக்கையான சி.பி.சி. இரண்டு மட்டும். கழுத்து வலியோ காய்ச்சலோ இருந்தால் ஈ.எஸ்.ஆர். சேர்த்துக்கொள்ளலாம்.

டி.எஸ்.எச். மாறியிருந்தால் இரண்டாம் படி: கட்டுப்படாத டி4-ஐக் காட்டும் ஃப்ரீ டி4, தேவைப்பட்டால் தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புரதத்தைக் காட்டும் டி.பி.ஓ. டெஸ்ட், ஒரு தடவை கொலஸ்ட்ரால்.

சி.பி.சி.யில் சோகை இருந்தால் மூன்றாம் படி. சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 80-க்குக் கீழே இருந்தால் ஃபெரிட்டின், 100-க்கு மேலே இருந்தால் வைட்டமின் பி12. இடையில் இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யலாம்.

எங்கே போவது, எவ்வளவு ஆகும்?

செலவே இல்லாமல் முடிக்க நினைத்தால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போத்தனூரிலிருந்து உக்கடம் வழியாகப் பஸ்ஸில் போகலாம். ரயிலில் போனால் கோவை ஜங்ஷனில் இறங்கி, திருச்சி ரோட்டிலுள்ள மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். புறநோயாளிச் சீட்டு வாங்கக் காலையில் சீக்கிரம் போவது முக்கியம். டாக்டரைப் பார்க்க ஒரு நாள், ரிப்போர்ட்டோடு திரும்பிப் போக இன்னொரு நாள் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். மில்லிலும் கம்பெனியிலும் வேலை பார்த்து இ.எஸ்.ஐ. பிடித்தம் போகிறவர்களுக்குச் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. ரயில்வே குடும்பங்கள் தங்கள் மருத்துவ அட்டையோடு ரயில்வே மருத்துவமனைக்குப் போகலாம்.

தனியார் லேப் என்றால் தோராயக் கணக்கு இப்படி. லேபுக்கு லேப் மாறும், போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். டி.எஸ்.எச். மட்டும் 200 முதல் 400 ரூபாய். டி3, டி4 சேர்த்து 400 முதல் 700. சி.பி.சி. 250 முதல் 400. ஈ.எஸ்.ஆர். 100 ரூபாய்ப் பக்கம். கொலஸ்ட்ரால் தொகுப்பு 400 முதல் 700. ஃபெரிட்டின் 600 முதல் 1,000. பி12 டெஸ்ட் 700 முதல் 1,200. ஆக முதல் படி 450 முதல் 800 ரூபாய்க்குள் முடியும். டாக்டர் ஃபீஸ் 300 முதல் 700 வைத்துக்கொண்டால், 1,500 ரூபாய் கையில் இருந்தால் முதல் சுற்றைத் தாராளமாகத் தாண்டிவிடலாம். மூன்று படியையும் ஒரே நாளில் எடுத்தால் இது இரண்டு மூன்று மடங்காகும். வரிசைப்படி போகச் சொல்வது அதனால்தான்.

மாத்திரைக்குப் பயப்பட வேண்டாம். தைராய்டு குறைவுக்குத் தரும் லெவோதைராக்சின் மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலைக் கட்டுப்பாடு உண்டு. ஒரு மாத்திரை ஒன்றிரண்டு ரூபாய்தான். மாதம் நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும் மருந்து இது.

லேபுக்குப் போகும் காலை

"ஏனுங்க்கா, வெறும் வயித்துலதான் வரோணுங்களா?" லேப் கவுன்ட்டரில் தினமும் கேட்கும் கேள்வி. டி.எஸ்.எச்., சி.பி.சி. இரண்டுக்கும் வெறும் வயிறு கட்டாயமில்லை. ஆனால் டி.எஸ்.எச். அதிகாலையில் கூடுதலாகவும் சாப்பாட்டுக்குப் பிறகு சற்றுக் குறைவாகவும் இருக்கும். போன தடவை காலை 7 மணிக்கு வெறும் வயிற்றில் கொடுத்திருந்தால் இந்தத் தடவையும் அப்படியே கொடுப்போம். கொலஸ்ட்ராலும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் முந்தின இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு மணி நேர இடைவெளி விடச் சொல்வார்கள். தண்ணீர் குடிக்கலாம்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அன்று மட்டும் ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். முடி உதிர்வுக்கு என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் குறைந்தது இரண்டு நாள் முன்னதாக நிறுத்த வேண்டும். லேப் மெஷினை அது ஏமாற்றி, இல்லாத தைராய்டு அதிகத்தை ரிப்போர்ட்டில் காட்டிவிடும்.

ரத்தம் எடுக்கும்போது ட்யூப்களைக் கவனித்துப் பாருங்கள். ஊதா மூடி சி.பி.சி.க்கு, உள்ளே உறையாமல் தடுக்கும் மருந்து இருக்கும், அதனால்தான் மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குவார்கள். மஞ்சள் அல்லது சிவப்பு மூடி தைராய்டுக்கு. அதை உறைய விட்டு, சுழற்றி, மேலே தெளியும் சீரத்தை எடுப்பார்கள். சீரம் தெளிந்த வைக்கோல் நிறத்தில் இருக்கும். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு மிக அதிகமானால் அதே சீரம் மோர்த் தண்ணீராய் வெளுத்து நிற்கும். ஈ.எஸ்.ஆருக்கு, வெஸ்டர்கிரென் 1921-இல் வகுத்த முறையில், ரத்தத்தை ஒரு மெல்லிய செங்குத்துக் குழாயில் 200 மில்லிமீட்டர் உயரம் ஏற்றி ஒரு மணி நேரம் ஆடாமல் நிறுத்துவார்கள். சிவப்பணுக்கள் கீழே படிந்து, மேலே எவ்வளவு உயரம் மஞ்சள் திரவம் விட்டதோ அதுதான் நம் ஈ.எஸ்.ஆர். எண்.

ரிப்போர்ட்டைப் படிப்போம்

முதலில் டி.எஸ்.எச். வரியைத் தேடுவோம். பெரும்பாலான லேப்களில் 0.4 முதல் 4 அல்லது 5 வரை இயல்பு. நம் ரிப்போர்ட்டிலேயே பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து ஹீமோகுளோபின்: ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, இதற்குக் கீழே போனால் சோகை. பி.சி.வி. ஏறத்தாழ ஹீமோகுளோபினைப் போல மூன்று மடங்கு இருக்கும். பிறகு எம்.சி.வி. இனி இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

டி.எஸ்.எச். கூடுதல், ஹீமோகுளோபின் குறைவு, எம்.சி.வி. இயல்பு என்றால் தைராய்டே நேரடிக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரும்பு மாத்திரையை மட்டும் கொடுத்துப் பயனில்லை, தைராய்டுக்கு மருந்து வேண்டும்.

டி.எஸ்.எச். கூடுதல், எம்.சி.வி. 80-க்குக் கீழே, ஃபெரிட்டினும் குறைவு என்றால் இரும்புச்சத்தும் போயிருக்கிறது. இரண்டு மருந்தும் தேவைப்படும். ஃபெரிட்டின் நன்றாக இருந்தும் எம்.சி.வி. மட்டும் சிறியதாக இருந்தால் பரம்பரையாக வரும் தலசீமியா கூறு இருக்கலாம்; டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

டி.எஸ்.எச். கூடுதல், எம்.சி.வி. 100-க்கு மேலே என்றால் பி12 பார்க்க வேண்டும். தைராய்டைத் தாக்கும் அதே நோய் எதிர்ப்புக் கோளாறு சிலருக்கு வயிற்றையும் தாக்கி, பி12 உறிஞ்சப்படாமல் செய்துவிடும். சுத்த சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். தைராய்டு குறைவே தனியாகவும் அணுக்களைப் பெரிதாக்கும். பி12 சரியாக இருந்தால் அதுவே விடையாக இருக்கலாம்.

டி.எஸ்.எச். மிகக் குறைவு, கழுத்தில் தொட்டாலே வலி, காய்ச்சல், ஈ.எஸ்.ஆர். 50-ஐத் தாண்டி நிற்கிறது என்றால் அது தைராய்டு அழற்சியாக இருக்கலாம். பெரும்பாலும் வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னால் வரும். சுரப்பியில் சேர்த்து வைத்த ஹார்மோன் கொட்டிவிடுவதுதான் இங்கே நடப்பது. சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் இதற்கு மருந்தல்ல. ஈ.எஸ்.ஆர். என்ற நூறு ரூபாய் டெஸ்ட் தேவையில்லாத மருந்திலிருந்து நம்மைக் காப்பாற்றும் இடம் இது.

மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது?

1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு ஒரு பெண்ணைத் தேற்றினார். அந்த அம்மா அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று அதே வேலையை ஒரு சிறிய வெள்ளை மாத்திரை செய்கிறது. முழு அளவு தேவைப்படுபவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ இருந்தால் 100 மைக்ரோகிராம் பக்கம். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25-இல் தொடங்குவார்கள். அளவை டாக்டர்தான் வைப்பார்.

நம் பொறுப்பு நேரம். எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டீ, பால் எல்லாம். காபி உள்ளே போனால் மாத்திரை முழுதாக உறிஞ்சப்படாது. காலையில் முதல் வேலையே காபி போடுவது என்று பழகிய நம் வீடுகளில் கடினம்தான். மாத்திரையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஐந்தரைக்குப் போட்டுவிட்டால், வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிப்பதற்குள் காபி நேரம் வந்துவிடும்.

இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சோகையும் தைராய்டும் சேர்ந்து இருப்பவர்கள் தவறுவது இந்த ஒரே இடத்தில்தான். இரண்டையும் ஒரே கையில் வைத்து விழுங்கினால் இரும்பு தைராய்டு மருந்தைப் பிடித்துக்கொண்டு குடலைத் தாண்டிப் போய்விடும். காலையில் தைராய்டு, மதியமோ இரவோ இரும்பு என்று பிரித்துக்கொள்வோம்.

எத்தனை நாளில் மாறும்?

பொறுமை இல்லாதவர்கள் மருந்தை நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏழு நாள் ஆகும். புதிய அளவு உடம்பில் நிலைப்பட ஐந்தாறு வாரமாகும். அதனால் அடுத்த டி.எஸ்.எச். டெஸ்ட் 6 முதல் 8 வாரம் கழித்து. அதற்குமுன் எடுப்பது வீண்செலவு.

ரத்தம் இன்னும் மெதுவானது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். பழைய அணுக்கள் போய், தேறிய மஜ்ஜை செய்த புதியவை வந்து நிறைய வேண்டும். டி.எஸ்.எச். சரியாகிவிட்டது, ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று இரண்டாம் மாதத்தில் கவலைப்பட வேண்டாம். நான்கு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஆறு மாதம் கழித்தும் அசையவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். கொலஸ்ட்ரால் இரண்டு மூன்று மாதத்தில் இறங்கத் தொடங்கும்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

தைராய்டு அதிகத்துக்குக் கார்பிமசோல் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு மறக்கக் கூடாது. தொண்டைவலியோடு காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே சி.பி.சி. எடுத்து டாக்டரிடம் போக வேண்டும். அரிதாக இந்த மருந்து வெள்ளையணுக்களை அடியோடு குறைத்துவிடும். அது உயிருக்கு ஆபத்து. மருந்து தொடங்குவதற்கு முன்பே ஒரு சி.பி.சி. எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி.

உறைவைத் தடுக்க வார்ஃபரின் அல்லது அதன் இனத்து மாத்திரை சாப்பிடுபவர்கள், தைராய்டு மருந்தின் அளவு மாறும் ஒவ்வொரு தடவையும் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். தைராய்டு ஏறினால் உறைபொருள்கள் வேகமாகச் சிதைந்து, அதே வார்ஃபரின் அளவு மிகையாகிவிடும்.

'ரத்தம் கெட்டியாகிவிட்டது' என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக ஆஸ்பிரினைத் தானாக வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்பிரின் தட்டணுக்களைத்தான் தடுக்கும், பிசுபிசுப்பைக் குறைக்காது. தைராய்டு குறைந்து ஏற்கெனவே கசிவுத் தன்மை உள்ளவருக்கு அது கூடுதல் தொல்லை.

சர்க்கரை உள்ளவர்களின் மூன்று மாதச் சராசரி டெஸ்டான எச்.பி.ஏ1சி, தைராய்டு குறைந்து சோகையும் இருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். புதிய அணுக்கள் குறைந்து பழைய அணுக்களே நிறைய ஓடுவதால், அவற்றில் சர்க்கரை அதிக நாள் ஒட்டியிருக்கும். வீட்டு மீட்டர் ஒன்று சொல்லி, லேப் வேறொன்று சொன்னால் தைராய்டையும் டாக்டருக்கு நினைவுபடுத்துங்கள்.

உப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருப்போம். இந்துப்பும் சாதாரணக் கல்லுப்பும் ஆரோக்கியம் என்று சொல்லி விற்கிறார்கள். தனியாகச் சேர்க்காவிட்டால் அவற்றில் போதுமான அயோடின் இருக்காது. வீட்டுக்கு வந்து சேரும் உப்பில் பத்து லட்சத்தில் 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது அளவு. 2018-19 இந்திய அயோடின் கணக்கெடுப்பில், அந்த அளவுள்ள உப்பு பயன்படுத்திய வீடுகள் நாடு முழுக்க 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 மட்டுமே. தூத்துக்குடியில் இவ்வளவு உப்பு விளைவிக்கும் நமக்கு இது நல்ல எண் அல்ல. கல்லுப்புத்தான் வேண்டும் என்றால் அயோடின் கலந்த கல்லுப்பே கிடைக்கிறது, பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள். கம்மங்கூழ், முட்டைக்கோஸ் சாப்பிட்டால் தைராய்டு கெடும் என்ற பயம் தேவைக்கு மிஞ்சியது. அயோடின் போதுமான அளவு கிடைப்பவர்கள் அளவாகச் சாப்பிடலாம்.

'தைராய்டு பவுடர்' என்று வாட்ஸ்ஆப்பில் வருவதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கர்ப்பமாக இருந்தால்

ஏற்கெனவே லெவோதைராக்சின் சாப்பிடும் பெண்ணுக்குக் கர்ப்பத்தில் வழக்கமான அளவைவிட 25 முதல் 30 சதவீதம் கூடுதலாகத் தேவைப்படும். அதுவும் முதல் வாரங்களிலேயே. தாயின் பிளாஸ்மா பெருகி ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும் காலமும் அதுதான். குழந்தையின் மூளை வளர்ச்சி முதல் மூன்று மாதம் தாயின் ஹார்மோனை நம்பியே இருக்கிறது. பாதிக் கர்ப்பகாலம் வரை நான்கு வாரத்துக்கு ஒரு தடவை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும், சி.பி.சி.யையும் டாக்டர் சொல்லும்போதெல்லாம் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் என்று தெரிந்தால் அடுத்த மாத செக்கப் வரை காத்திருக்க வேண்டாம் அம்மிணி; அன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டு, மாத்திரையின் அளவைக் கேளுங்கள்.